ஆர்செனின் காய்ச்சல்

என் அக்கா ஸருஹி தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் வேலை பார்த்த மரபணுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது 2014 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவர்கள் ஊரான ஆர்தாஷாத்திலிருந்து முதல் வேனைப் பிடித்துத் தலைநகர் யெரெவானுக்கு வந்திருந்தார்கள். ஆர்செனுக்குப் பதினேழு முடிந்து நாலு மாதம். சிரானுஷ் அவனுக்கு ஒரு வயது இளையவள். இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கைவிட்டுச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"பொண்ணுக்கு அந்த வியாதிதான், இல்ல?" என்றாள்.

எங்கள் நாட்டில் அந்த வியாதி என்றால் எந்த வியாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று நாள் காய்ச்சல், வயிற்றைக் கீறிப் போடுகிற வலி, நாலாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நடமாட்டம். பத்து நாளோ இரண்டு மாதமோ கழித்து மறுபடியும். சிரானுஷுக்கு ஆறு வயதிலிருந்தே இப்படித்தான். அக்கா அவளை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. காட்டினால் பெயர் வைத்துவிடுவார்கள், வைத்த பெயர் கல்யாணப் பேச்சுவரை கூடவே வரும் என்று பயம்.

"ரத்தம் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். எனக்குச் சந்தேகமே இல்ல," என்றேன்.

"ஆர்செனுக்கு?"

"அவனுக்கென்ன? குதிரை மாதிரி இருக்கான்."

"அதான்டி பிரச்சினை," என்றாள் அக்கா.

அந்த நவம்பரில் ஆர்செனுக்குப் பதினெட்டு ஆகிறது. பதினெட்டு ஆனால் படைக்குப் போக வேண்டும். எல்லையில் அப்போது போர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் பெட்டியில் வந்துகொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு ஹாக்கோபின் மகன் வந்தான்.

"ரெண்டு பேர் ரத்தத்தையும் எடு. பேரை மாத்தி ஒட்டு. பையனுக்குக் கெட்ட காகிதம், பொண்ணுக்கு நல்ல காகிதம். யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உனக்குப் பைத்தியமா? என் வேலை போயிடும். ஜெயில்லயும் தூக்கிப் போடுவாங்க."

"ஹாக்கோப் வீட்டுப் பெட்டியை நீ தொட்டுப் பாத்தியா? நான் தொட்டேன். தொறக்கக் கூடாதுன்னு ஆணி அடிச்சு அனுப்பியிருந்தாங்க. வர்தூஷ், பெத்தவ அந்த ஆணியை நகத்தால கிண்டிக்கிட்டே இருந்தா."

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அக்காவும் அத்தானும் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த இரண்டு வருடம் ஆர்செனை மட்டும் என்னிடம் விட்டிருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். இதைச் சொல்வது சாக்குப்போக்குக்காக இல்லை. ஏன் செய்தாய் என்று கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

அரைமணி நேரத்தில் ஒப்புக்கொண்டேன்.

ரத்தம் எடுக்கும்போது சிரானுஷிடம் அவள் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அண்ணனுக்காக இருபத்தேழு வயதுவரை வாயைத் திறக்கக் கூடாது, இருபத்தேழு தாண்டிவிட்டால் படைக்குக் கூப்பிட மாட்டார்கள், அப்புறம் எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்றாள்.

"அண்ணனுக்கா, எனக்கா இருபத்தேழு?"

"அண்ணனுக்கு."

"சரி," என்றாள் சிரானுஷ். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். "எனக்கு மாத்திரை கிடைக்குமா சித்தி?"

"நான் தரேன் ஜான், என் கண்ணே. யாருக்கும் தெரியாம மாசாமாசம் தரேன்."

சொல்லாதது ஒன்று இருந்தது. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் வெள்ளணுக்களுக்குள் பைரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கிருமி ஏதாவது நஞ்சைச் செலுத்தி அணுவின் உள்வேலையைக் கெடுத்தால் அது உடனே விழித்து மற்ற அணுக்களுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியால்தான் காய்ச்சலும் வீக்கமும் வலியும். மற்ற நேரங்களில் அதை அடக்கிவைத்திருக்க ஏற்பாடு உண்டு. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதியை வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பிடி நிற்பதில்லை. கிருமியே இல்லாமல் பைரின் கூவிவிடும். உடம்பு இல்லாத எதிரியோடு மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு ஓயும். வலியோடு போனால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டும். அதன் மிச்சம் வருடக்கணக்கில் சிறுநீரகத்தில் மெழுகுபோலப் படிந்து, கடைசியில் அதை அடைத்துவிடும். தினமும் மாத்திரை போட்டால் அது வராது. விட்டால் வரலாம். சிரானுஷுக்கு இருந்த அந்தக் குறிப்பிட்ட பழுதுக்கு அது அதிகமாகவே வரும்.

முடிவு வந்தபோது இரண்டு பிரதியும் பழுது என்று ஆர்செனின் பெயருக்குக் கீழே இருந்தது. சிரானுஷின் பெயருக்குக் கீழே பழுது எதுவும் இல்லை என்று இருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

காகிதம் மட்டும் போதாது. வலியோடு மருத்துவமனையில் படுத்ததற்கும் சான்று வேண்டும். அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நடுக்கூடத்துச் சோபாவில் ஆர்சென் படுத்திருந்தான். சிரானுஷ் அவன் தலைமாட்டில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"காலை மடக்கு. இன்னும். முட்டி நெஞ்சுக்கு வரணும். மூச்சை முழுசா இழுக்காதே, பாதியில நிறுத்து."

"ஏன்?"

"முழுசா இழுத்தாக் குத்தும்."

"எனக்குக் குத்தலையே."

"குத்தாதுடா எருமை. குத்தப்போகுதுன்னு பயப்படு. டாக்டர் வயித்தைத் தொட வந்தா, தொடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடு. தொட்டப்புறம் கத்தினா நடிப்புன்னு தெரிஞ்சிடும்."

ஆர்சென் கண்ணை மூடி முனகினான். சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அக்கா சமையலறையிலிருந்து, "உங்க வலியெல்லாம் எனக்கு வரட்டும், என் தங்கங்களா," என்று குரல் கொடுத்தாள். எங்கள் ஊரில் காய்கறி விற்பவன்கூடச் சொல்கிற வார்த்தைதான் அது. அன்றைக்கு எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

நடிப்பு பலித்தது. காய்ச்சல்மானியை வெந்நீர்க் கோப்பை பார்த்துக்கொண்டது. ஆர்செனைப் படைக்குத் தகுதியில்லாதவன் என்று எழுதிவிட்டார்கள்.

சிரானுஷுக்கு நான் மாதந்தோறும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வருடம் ஒழுங்காகப் போட்டாள். காய்ச்சல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. இப்படியே போய்விடும் என்றுதான் நம்பினேன். 2017இல் க்யூம்ரியில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை மின்சார இலாகாவில் வேலை. மாமியார் விசாரித்தபோது அக்கா பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "பையனுக்குத்தான் இருக்கு. பொண்ணு சுத்தம்."

கல்யாணமாகி ஐந்தாம் வாரம் மாமியார் சிரானுஷின் கைப்பையில் மாத்திரையைக் கண்டுபிடித்தாள். அக்காவுக்குப் போன் வந்தது. அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஐயோ, அது ஆர்செனோட மாத்திரை. தப்பா அவ பையில வந்துடுச்சு. தூக்கிப் போடுங்க."

பிறகு மகளைக் கூப்பிட்டு, குழந்தை பிறக்கிறவரைக்கும் அதைத் தொடாதே, தொட்டால் குழந்தை தங்காது என்று சொன்னாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொன்னேன்.

"நிறுத்தக் கூடாதுக்கா. அவளுக்கு நல்லதில்ல."

"மூணு நாள் வலிதானே? பிரசவ வலியைத் தாங்கப்போறவ இதைத் தாங்க மாட்டாளா?"

அப்போதாவது சிறுநீரகத்தைப் பற்றி வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், இது தெரிந்துதானா பேரை மாற்றி ஒட்டினாய் என்று கேட்பாள். நான் திறக்கவில்லை. இரண்டு முறை க்யூம்ரிக்கே மாத்திரை கொண்டுபோனேன். சிரானுஷ் வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் சித்தி. இங்க அலமாரிக்குப் பூட்டு கிடையாது."

வலி திரும்ப வந்தது. முதல் வருடத்தில் குடல்வாலை வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. மறு வருடம் கருப்பையில் கட்டி என்று வயிற்றைத் திறந்து, கட்டி இல்லை என்று மூடினார்கள். ஒவ்வொரு டாக்டரும் முதலில் அந்த வியாதியைத்தான் சந்தேகித்தார். ஒவ்வொருவரும் காகிதத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். க்யூம்ரிக்காரர்களுக்கு நாக்கு கூர்மை. மாமியார் அக்கம்பக்கத்தாரிடம், "எங்க வீட்டு மருமக ரொம்ப மரியாதை தெரிஞ்சவ. விருந்தாளி வரும்போதெல்லாம் காய்ச்சலையும் கூடவே அழைச்சுக்குவா," என்பாளாம். குழந்தை இல்லை. நாலாம் வருடம் கணவன் அவளைக் காரில் கொண்டுவந்து ஆர்தாஷாத்தில் இறக்கிவிட்டு, பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் மாத்திரையைத் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அதற்குள் இரண்டு போர் நடந்து முடிந்திருந்தது. ஆர்செனோடு படித்த பையன்கள் பதினொரு பேர். 2016இல் ஒருவன் செத்தான், 2020இல் நாலு பேர். அவர்கள் படங்களைப் பள்ளிக்கூட வாசலில் மாட்டினார்கள். ரொட்டிக் கடை வரிசையில் ஒரு நாள் ஹாக்கோபின் மனைவி எல்லார் முன்னாலும் அக்காவைக் கேட்டாள்:

"ஸருஹி, ஒன் பையனோட காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?"

அக்கா ரொட்டி வாங்காமல் திரும்பிவிட்டாள். ஆர்சென் அந்த மாதமே ரஷ்யாவில் க்ராஸ்னதாருக்குப் போய் டைல்ஸ் ஒட்டும் வேலையில் சேர்ந்தான். போகும்போது என்னிடம், "இங்க நான் இருமினாக்கூட எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க சித்தி," என்றான்.

2022 இலையுதிர் காலத்தில் நான் ஆர்தாஷாத் போனபோது சிரானுஷ் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். காலில் அவள் அப்பாவின் செருப்பு.

"ஏன்டி இது?"

"என் செருப்புல கால் நுழையல சித்தி."

அவளை உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. சிறுநீரகம் போகத் தொடங்கினால் கால் இப்படித்தான் வீங்கும். ஆர்செனுக்கு அப்போது இருபத்தாறு ஆக ஒரு மாதம் இருந்தது.

அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, சிறுநீரகம், எல்லாம்.

"ஒடனே போயிடுமா?" என்றாள்.

"ஒடனே இல்ல. ஆனா…"

"அப்ப இன்னும் ஒரு வருஷம். நீ மாத்திரையைக் குடு. நான் என் கையால போட்டுவிடறேன். ஒரு வருஷம், வர்தூஷ். ஜெயிலுக்குப் போற வயசா அவனுக்கு?"

மாத்திரை கொடுத்தோம். காய்ச்சல் நின்றது. ஏற்கெனவே படிந்ததை அது கரைக்கவில்லை. 2023 வசந்தத்தில் முகமும் வீங்கவே, யெரெவானில் டாக்டர் மெலிக்யான் என்ற சிறுநீரக மருத்துவரிடம் சேர்த்தார்கள். அவர் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார். மே மாதம் ஒரு முற்பகலில் என் மேஜையிலிருந்த போன் அடித்தது.

"2014ல உங்க கூடம் குடுத்த ரிசல்ட் ஒண்ணு என் கையில இருக்கு. பழுது இல்லன்னு சொல்லுது. இந்தப் பொண்ணோட சதை வேற சொல்லுது. குழாய் மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?"

"இல்லை," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா, டாக்டர்."

ஆர்செனுக்கு இருபத்தேழு ஆக இன்னும் ஆறு மாதம். மெலிக்யான் வேறொரு கூடத்துக்கு ரத்தத்தை அனுப்பினார். இரண்டு வாரத்தில் மறுபடி கூப்பிட்டார். "ரெண்டு பிரதியும் பழுது. உங்க நிச்சயத்துக்கு நன்றி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பரில் சிரானுஷை வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட ஆரம்பித்தார்கள். ஆர்செனுக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. நவம்பரில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அவனைக் கூப்பிட்ட சிரானுஷ்தான், பேச்சோடு பேச்சாக, எங்கிருந்து பேசுகிறாள் என்று சொன்னாள். மூன்றாம் நாள் அவன் வந்து நின்றான். பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

"ஏம்மா எனக்குச் சொல்லல? எத்தனை மாசமா நான் அங்க உக்காந்து தின்னுக்கிட்டிருந்தேன்!"

"ஒனக்குச் சொல்லியிருந்தா நீ வந்திருப்பே," என்றாள் அக்கா.

"ஆமா, வந்திருப்பேன்!"

"அதான் சொல்லல."

அவனுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. ஆனால் மாற்று அறுவைக் குழுவின் முன்னால் அவனுடைய பழைய காகிதம் வந்து நின்றது. அந்த வியாதிக்காரனின் சிறுநீரகத்தை எடுத்து அந்த வியாதிக்காரிக்கே வைப்பதா என்று கேட்டார்கள். புதிதாகப் பார்த்ததில் அவனுக்கு ஒரு பழுதும் இல்லை. அப்படியானால் 2014இல் என்ன நடந்தது என்று கையெழுத்திட்டவர் எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

எழுதுவதற்கு முன்னால் சிரானுஷைப் பார்க்கப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மத்தியான வெயில் அவள் போர்வைமேல் விழுந்திருந்தது. கை மணிக்கட்டு குச்சியாகியிருந்தது.

"என்னன்னு எழுதப்போற சித்தி?"

"குழாய் மாறிடுச்சுன்னு. கவனக்குறைவுன்னு."

"தானா மாறுச்சாமா?"

"சிரான், உண்மையை எழுதினா, வயசு தாண்டியிருந்தாலும் ஏமாத்தினதுக்கு உங்க அண்ணன்மேல வழக்கு வரும். வழக்கு நடக்கிற வரைக்கும் ஆபரேஷன் நிக்கும்."

"உன்மேலயும் வரும்."

"வரும்," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் குழாயில் ஓடுகிற தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அம்மா படிக்காதவ, அவளை விடு. அன்னைக்கு நீ ரத்தம் எடுத்தப்ப, கிட்னி போகும்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வருடத்தில் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருந்தேன்.

"தெரியும்."

"க்யூம்ரிக்கு வந்தியே, வாசல்ல மாத்திரையை நீட்டிக்கிட்டு. அப்பவும் தெரியும்."

"தெரியும் ஜான்."

"இதைப் போடலேன்னா செத்துடுவேன்னு சொல்லியிருந்தா, நான் அந்த வீட்டை விட்டே வந்திருப்பேனே சித்தி. வலிக்குத்தானேன்னு நெனச்சேன். வலி எனக்குப் பழக்கம்தானேன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அழாதே, நர்ஸ் பாக்குறா. கவனக்குறைவுன்னே எழுது. எனக்குக் கிட்னி வேணும். நியாயத்தை வெச்சு மூத்திரம் போக முடியாது."

அப்படியே எழுதினேன். "இரு மாதிரிகளின் பெயர்ச்சீட்டுகளும் என் கவனக்குறைவால் இடம் மாறியிருக்கலாம்." மாறியிருக்கலாம் என்ற வார்த்தைக்காக ஒரு மணி நேரம் யோசித்தேன். எங்கள் கூடத்து இயக்குநர் அதைப் படித்தார். அவர்கள் என் அக்கா பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. முடிவு எழுதும் வேலையிலிருந்து எடுத்து, காகிதம் கொடுக்கும் முன்மேஜையில் உட்காரவைத்தார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

2024 பிப்ரவரியில் அறுவை நடந்தது. நன்றாகவே நடந்தது. சிறுநீரகம் முதல் நாளிலேயே வேலை செய்தது. அக்கா நேர்ந்துகொண்டபடி ஓர் ஆட்டுக்கடாவைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், பாதிரியார் மந்திரித்த உப்பை ஊட்டி, அறுத்து, வேகவைத்த கறியை ஏழு வீட்டுக்குக் கொடுக்கப் புறப்பட்டாள். தட்டு தூக்க நானும் போனேன். எதிர்வீட்டில் ஹாக்கோபின் மனைவி கதவைத் திறந்து, தட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"ரெண்டு பிள்ளைங்களும் பிழைச்சாங்க, அதுக்கு."

"ரெண்டு பேருமா," என்று சொல்லி அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

தெருவில் நடக்கும்போது அக்கா என்னிடம், "மறுபடி அதே மார்ச் மாசம் வந்தாலும் நான் அதேதான் செய்வேன்," என்றாள். கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் அது. கறி ஆறிக்கொண்டிருந்தது.

ஆர்சென் க்ராஸ்னதாருக்கே திரும்பிவிட்டான். கனம் தூக்கக் கூடாது என்பதால் டைல்ஸ் வேலை போய், ஒரு கிடங்கில் காவலுக்கு இருக்கிறான். சிரானுஷ் ஆர்தாஷாத்துக்குப் போகவில்லை. யெரெவானில் ஒரு தையல் கூடத்தில் பொத்தான் வைக்கிற வேலை, இரண்டு பெண்களோடு ஓர் அறை. பைரின் மாறாது, அது அவள் அணுக்களில் அப்படியேதான் இருக்கிறது. புதுச் சிறுநீரகத்தையும் மெழுகு பிடிக்காமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டும். நான் அனுப்பிய மாத்திரைப் பொட்டலம் இரண்டு முறையும் பிரிக்காமல் திரும்பி வந்தது. போனை எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் மேஜைக்கு முன்னால் வரிசையில் அவள் நின்றிருந்தாள். முன்னால் இரண்டு பேர். முறை வந்ததும் அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். முகத்தில் ரத்தம் இருந்தது, நன்றாக இருந்தாள்.

"சிரான் ஜான்," என்றேன்.

"மாத்திரை குடுக்க மருந்தகத்துல திருத்தின சான்றிதழ் கேக்குறாங்க. என் பேர்ல வேணும். எவ்வளவு நேரம் ஆகும்ங்க?"

பிறந்ததிலிருந்து என்னை அவள் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"இப்பவே தரேன். உள்ள வந்து உக்காரு, காபி போடறேன்."

"இல்லைங்க, இங்கயே நிக்கறேன்."

அச்சிட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, பெயரை விரலால் தொட்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறந்த தேதியைப் படித்தாள். கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று பார்த்தாள், வேறொருவருடையது. மடித்துப் பையில் வைத்தாள்.

"நன்றிங்க," என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றவருக்கு வழி விட்டாள்.